படியில் விட்ட சப்பாத்து

அந்தச் சனிக்கிழமை காலை கண் விழித்தபோது என் அறை வழமையைவிட வெளிச்சமாக இருந்தது. டிசெம்பர் தொடக்கத்தில் லண்டனில் அந்த நேரத்துக்கு அப்படி வெளிச்சம் வராது. எழுந்து திரைச்சீலையை விலக்கினேன். தென்லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்த எங்கள் தெருவைக் காணவில்லை. குப்பைத் தொட்டிகள் ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையில் நின்றன. எது கார், எது வேலி என்று தெரியவில்லை. எதிர்வீட்டு நாய் வாசலுக்கு வந்து ஒரு காலை வைத்துப் பார்த்தது. பிறகு அந்தக் காலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. யன்னலைத் திறந்து, விளிம்பில் கிடந்த பனியில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டேன். நாற்பத்தெட்டு வயதில், பல்லும் விளக்காமல். இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் முதல் பனியைத் தின்னாமல் என்னால் இருக்க முடிவதில்லை. ருசி ஒன்றும் இல்லை. பல் கூசும், அவ்வளவுதான். இதை யாருக்கும் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

கீழேயிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"பிள்ளை! எழும்பீட்டியோ? வெளியில பாத்தியோ? வருசத்திலை இத்தனை நாள் கிடக்கு, இந்தச் சனியனுக்கு இண்டைக்குத்தானே கொட்ட வேண்டிக் கிடக்கு!"

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. அவருடைய வீட்டு மேலறையில் நான் பதின்மூன்று வருடமாக வாடகைக்கு இருந்தேன். அவருடைய கணவரை அண்ணை என்று கூப்பிடுவேன். அவர்களுடைய ஒரே மகள் அந்த வருடம்தான் பல்கலைக்கழகத்துக்கென்று வேறு ஊருக்குப் போயிருந்தாள். மகள் போனபிறகு அக்காவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. என்னுடைய கலியாணத்தைக் கையில் எடுத்தார்.

அன்று பின்னேரம் இரண்டு மணிக்கு என்னைப் பார்க்க ஒருவர் வெம்பிளியிலிருந்து வருவதாக இருந்தது. ஐம்பத்தொரு வயது. ஒரு பள்ளிக்கூடக் குசினியில் சமையல் வேலை. படுக்கையில் கிடந்த வருத்தக்காரத் தாயைப் பல வருடம் பராமரித்ததில் தன் கலியாணத்தை விட்டுவிட்டார் என்று கேள்வி. அவருடைய தமக்கையும் எங்கள் அக்காவும் யாரோ ஒருவருடைய வீட்டுச் சாமத்தியச் சடங்கில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து பேசி முடித்த ஏற்பாடு இது. தமக்கையும் அவருடைய கணவரும் காரில் அவரை ஏற்றிக்கொண்டு வருவார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், போவார்கள். ஆறு மணிக்குத் தமக்கை போன் எடுத்து என் பதிலைக் கேட்பார்.

அந்தப் பதில்தான் பிரச்சினை.

எனக்கு முன்பும் இரண்டு தடவை மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். முதல் தடவை கோயிலில், தற்செயலாகச் சந்திப்பதுபோல் ஏற்பாடு செய்து. நான் நிமிரவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஆள் எப்படி என்று கேட்டார்கள். "நகம் வடிவாய் வெட்டியிருக்கிறார்" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இரண்டாவது ஆள் வீட்டுக்கே வந்தார். அவருடைய சொக்ஸ் ஒன்று கறுப்பு, மற்றது கருநீலம். அதைக் கண்டுபிடித்தது நான் மட்டும்தான். ஆனால் அந்த ஒரு மணித்தியாலமும் நான் வாயைத் திறக்காததைப் பார்த்து, பிள்ளைக்கு விருப்பம் இல்லைப்போல என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு விருப்பம் இருந்தது. அதைச் சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டியிருந்தது.

நான் தனியே இருந்து பழகியவள், எனக்கு ஒருவரும் தேவையில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை. அங்கே மெஷின்களோடுதான் என் பாடு. மெஷின் எதையும் கேட்காது. ஆனால் வேலை முடிந்து வந்து, மேலறையில் ஒரு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றும்போது, இன்னொரு கோப்பையிலும் ஊற்ற வேண்டும்போல எனக்கு இருக்கும். அதை நான் எவருக்கும் காட்டிக்கொள்வதில்லை.

அக்கா முதல்நாளே சொல்லி வைத்திருந்தார். "ஓமெண்டாலும் சரி, இல்லையெண்டாலும் சரி, இந்த முறை உன்ரை வாயால வர வேணும். உன்ரை மூஞ்சையைப் பாத்து நான் ஒருத்தருக்கும் மொழிபெயர்த்துச் சொல்ல மாட்டன். விளங்கிச்சுதோ?"

நான் தலையை ஆட்டினேன்.

"பார், இப்பவும் தலையைத்தான் ஆட்டுறாள்!"

காலை முழுவதும் வீடு அமளிப்பட்டது. அக்கா ரோல்ஸ் பொரித்தார். நான் கேசரி கிண்டினேன். அண்ணை வாசலில் பாதை வெட்டினார். எங்களிடம் மண்வாரி இல்லை. அவர் கேக் பேக் பண்ணும் தட்டத்தால் பனியை அள்ளி அள்ளி எறிந்தார். பிறகு உள்ளே வந்து குசினி அலுமாரியிலிருந்து உப்புப் பக்கெற்றை எடுத்துக்கொண்டு போய்ப் படியெல்லாம் தூவினார்.

"உங்களுக்கென்ன விசரே? கறி உப்பை நிலத்திலை கொட்டுறியள்!"

"வாறவை வழுக்கி விழுந்தா?"

"உப்பில்லாமல் சம்பல் குடுத்தா அதைவிட விழுவினம்!"

பன்னிரண்டு மணிக்கு நான் சேலை உடுத்தேன். கத்தரிப்பூ நிறம். பன்னிரண்டரைக்குப் போன் வந்தது. அந்தத் தமக்கைதான். அவர்கள் இருக்கும் பக்கம் மேடு, கார் ஏறவில்லை, வழுக்கிக்கொண்டு பின்னுக்குப் போகிறது, இன்னொரு நாள் பார்ப்போம் என்றார். தம்பிக்குச் சொல்லத்தான் போன் பண்ணிப் பார்க்கிறாராம், கிடைக்கவில்லையாம்.

அக்கா போனை வைத்துவிட்டு, கோபத்தில் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டார்.

எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. மேலே போய்ச் சேலையைக் கழற்றியபோது அது நிம்மதி இல்லை என்று தெரிந்தது. கேசரி கிண்டும்போது நான் என்ன நினைத்துக்கொண்டு கிண்டினேன் என்பது எனக்குத்தானே தெரியும். சரி, குளிருக்கென்றாலும் ஒரு வழி பார்ப்போம் என்று ஹவுஸ்கோட்டை மாட்டினேன். அதற்கு மேலே கம்பளிச் சட்டை. தலைக்கு அண்ணையின் குஞ்சம் வைத்த தொப்பி. பிறகு சுடுதண்ணிப் போத்தலை நிரப்பி, வயிற்றில் வைத்து, ஹவுஸ்கோட்டுக்கு உள்ளால் ஒரு துணிப்பட்டியால் கட்டிக்கொண்டேன். இது நானே கண்டுபிடித்த முறை. இரண்டு கையும் சும்மா இருக்கும், நடமாடும் இடமெல்லாம் சூடும் கூடவே வரும். லண்டனில் குளிர்காலத்துக்கு இதைவிடச் சுகமான விஷயம் எனக்குத் தெரியாது. தீபாவளிச் சேலை கட்டினாலும் இவ்வளவு மனம் குளிராது. குளிராது என்று சொல்வதுகூடப் பிழை.

இரண்டரை மணி இருக்கும். பனி திரும்பவும் கொட்டத் தொடங்கியிருந்தது. மல்லித் தண்ணி அவிப்போம் என்று கீழே இறங்கும்போது கதவு மணி அடித்தது. பார்சல்காரன் என்று நினைத்துத் திறந்தேன்.

ஒரு மனிதர் நின்றார். தலையில் பனி, தோளில் பனி, கண்ணிமையில் பனி. கையில் ஒரு கேக் பெட்டி, அதன் மேலும் பனி. புத்தம் புதுக் கறுப்புச் சப்பாத்து. நான் முதலில் பார்த்தது அதைத்தான். வழக்கம் விடுமா?

"நான் வெம்பிளியில இருந்து வாறன்" என்றார். "அக்காவையின்ரை கார் வரேல்லை. விம்பிள்டன் வரைக்கும் நிலக்கீழ் ரெயின் வந்தது. அங்காலை ட்ராமைக் காணேல்லை. நடந்து வந்தனான். பிந்திப்போச்சு. குறை நினைக்காதேங்கோ."

அவருடைய கண் என் தொப்பியில் தொடங்கி வயிறு வரைக்கும் வந்தது. அங்கே நின்றது. பிறகு அவசரமாக வேறு பக்கம் போனது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கதவைச் சாத்தினேன். அவருடைய முகத்துக்கு நேரே. சாத்திவிட்டு, "அக்கா!" என்று கத்திக்கொண்டு மேலே ஓடினேன். போத்தல் வயிற்றில் குளுக் குளுக்கென்று சத்தம் போட்டது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவைத் திறக்க மட்டும் இரண்டு நிமிடமாவது ஆகியிருக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் அந்த மனிதர் என்ன செய்வதென்று தெரியாமல், எங்கள் ஆட்கள் யார் வீட்டு வாசலிலும் செய்வதைச் செய்திருக்கிறார். குனிந்து சப்பாத்தைக் கழற்றி, படியின் ஓரமாக, இரண்டையும் சோடியாக, சுவரைப் பார்த்தபடி வைத்திருக்கிறார். அக்கா திறந்தபோது அவர் பனிக்குள் சொக்ஸோடு நின்றார்.

"ஐயோ தம்பி, உள்ளை வந்தெல்லோ கழட்டிறது!"

"உங்கடை கார்ப்பெற் வெள்ளை அக்கா. ஊத்தையாகீடும்."

அவருடைய சொக்ஸ் பிழிந்தால் ஒரு கோப்பை தண்ணி வரும் நிலையில் இருந்தது. அக்கா அதைக் கழற்ற வைத்து, மகள் விட்டுப்போன வீட்டுச் செருப்பைக் கொடுத்தார். ரோஜா நிறம், மயிர் மயிராக, முன்னால் முயல் காது வைத்தது. குதிக்கால் பாதி வெளியே நிற்க, அவர் அதைப் போட்டுக்கொண்டு சோபாவில் இருந்தார்.

நான் ஐந்து நிமிடத்தில் சேலை உடுத்தேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு வேகமாக உடுத்ததில்லை. தேத்தண்ணித் தட்டத்தோடு முன்னறைக்குள் போனபோது நிமிரக்கூடாது என்றுதான் வழமைபோல் நிலத்தைப் பார்த்தேன். அங்கே இரண்டு முயல்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. சிரிப்பு மூக்கு வரைக்கும் வந்துவிட்டது. தட்டம் நடுங்கி, தேத்தண்ணி பாதி சோசருக்குள் போனது. பிள்ளைக்குப் பதற்றம் என்று அக்கா நினைத்தார்.

கதைத்தது அண்ணை மட்டும்தான். அவர் எங்கள் வீட்டைச் சூடாக்கும் பொய்லர் எந்த வருடத்தில் எத்தனை தடவை நின்றது என்று வரிசையாகச் சொன்னார். அந்த மனிதர் ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். இடையிடையே என் வயிற்றுப் பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னும் குழம்பினார். நடுவில் வெளியே தொப்பென்று ஏதோ விழுந்த சத்தம் கேட்டது.

"பக்கத்து வீட்டுக்காரன் காரைத் துப்பரவாக்கிறான் போல" என்றார் அண்ணை. மறுபடியும் பொய்லருக்குப் போனார்.

அக்கா அவர் கொண்டுவந்த பட்டர் கேக்கை வெட்டி எல்லோருக்கும் கொடுத்தார். தானும் ஒரு துண்டு சாப்பிட்டார்.

"கடைக் கேக் எண்டா இப்பிடித்தான். முட்டையை எண்ணி எண்ணித்தான் போடுவாங்கள். என்ன தம்பி?"

"ஓம் அக்கா" என்றார் அவர்.

நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். மூன்றாவதையும் எடுத்திருப்பேன்.

மூன்றரைக்கு அவர் எழுந்தார். "அப்ப நான் வெளிக்கிடப் போறன். இருட்ட முந்திப் போனாத்தான்." அவர் என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். நான் முயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்தது, மூன்றாவது தடவையும் இப்படியே முடிந்தது என்று நினைத்தேன். அக்கா எனக்குப் பின்னால் நின்று என் முதுகில் விரலால் குத்தினார். வாய் வரவில்லை.

அண்ணை கதவைத் திறந்தார்.

படியில் சப்பாத்து இல்லை. படியும் இல்லை. கதவுக்கு மேலே இருந்த சின்னக் கூரையில் சேர்ந்த பனி முழுவதும் சரிந்து படிமேல் விழுந்திருந்தது. முழங்கால் உயரத்துக்கு ஒரு குவியல். அந்தத் தொப்பென்ற சத்தம் இதுதான்.

"சப்பாத்து எங்கை?" என்றார் அக்கா.

"உதுக்குள்ளை" என்றார் அந்த மனிதர். பெரிய கவலை ஒன்றும் இல்லாத குரலில், சோற்றுக்குள் கறி இருக்கிறது என்பதுபோல.

அண்ணை கேக் தட்டத்தை எடுத்தார். அக்கா அகப்பையை எடுத்தார். நான் சேலைத் தலைப்பைச் சொருகிக்கொண்டு கையாலேயே தோண்டினேன். அவர் முயல் செருப்போடு வாசலில் நின்று, "கொஞ்சம் இடப்பக்கம்... இல்லை இல்லை, சுவர்க்கரை" என்று வழிகாட்டினார். எதிர்வீட்டு நாய் யன்னலில் நின்று எங்களைப் பார்த்துக் குரைத்தது. முதலாவது சப்பாத்து எனக்குத்தான் கிடைத்தது. உள்ளே இறுக்கிப் பனி நிரம்பி, கவிழ்த்துத் தட்டியபோது அச்சுப்போல முழுதாக விழுந்தது. ஒரு முழுப் பாதம், வெள்ளையில். அண்ணை அதைக் கையில் எடுத்து, "தம்பி, உம்மடை கால்" என்று நீட்டினார்.

எல்லோரும் சிரித்துக்கொண்டே குசினிக்கு வந்தோம். அக்கா சப்பாத்து இரண்டையும் நேரே ஹீற்றருக்கு மேல் வைக்கப் போனார்.

"ஹீற்றரிலை கன நேரம் எடுக்கும்" என்றார் அண்ணை. "கேக் பேக் பண்ணுற அவன் அடுப்பைக் குறைச்சு வைச்சுப் போட்டு உள்ளை விட்டா இருவது நிமிசம்."

"ஓமோம். மிளகாய்த்தூளும் பிரட்டி விடுங்கோ."

"வையாதேங்கோ!"

அந்தச் சத்தத்தில் அண்ணை கையிலிருந்த தட்டத்தைக் கீழே போட்டார். யார் கத்தியது என்று நானும் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். கத்தியது நான்தான்.

"தோல் சூட்டிலை காஞ்சா வெடிச்சுப் போகும்" என்றேன். நிறுத்த முடியவில்லை. "அடி கழண்டிடும். புதுச் சப்பாத்து. முதல்லை துணியாலை ஒத்தி எடுக்க வேணும். பிறகு பேப்பர் அடைஞ்சு, சரிச்சு, காத்துப் படுற இடத்திலை வைக்க வேணும். ரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பேப்பரை மாத்த வேணும். கொண்டாங்கோ இஞ்சை."

சலவை அறையில் இதெல்லாம் என் அன்றாட வேலை. மழைக்குள் தோட்டத்துக்கு இறங்கிவிட்டு வரும் வயதானவர்களின் சப்பாத்து எத்தனையை நான் இப்படிக் காப்பாற்றியிருக்கிறேன்! ஆனால் அதை நான் ஒருவருக்கும் சொல்லிக் காட்டியதில்லை.

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு அண்ணையின் கையைப் பிடித்தார். "வாங்கோ, பாதையைத் துப்பரவாக்குவம்."

"காலமைதானே செய்தனான்."

"திரும்பச் செய்வம். வாங்கோ எண்டுறன்!"

குசினியில் நாங்கள் இருவர்தான். நான் சப்பாத்தை ஒற்றினேன். தமிழ்க் கடையில் சும்மா கொடுக்கும் பேப்பர் கட்டு ஒன்று மூலையில் இருந்தது. அவர் கேட்காமலே அதை எடுத்து, ஒவ்வொரு தாளாகக் கிழித்துக் கசக்கித் தந்தார். அளவாகக் கசக்கினார், இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை. அவருடைய குதிக்கால் குளிரில் சிவந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன். கேத்திலைப் போட்டேன். மேலே ஓடிப்போய்ச் சுடுதண்ணிப் போத்தலைக் கொண்டுவந்து, புதிதாக நிரப்பி, அவருடைய காலுக்குக் கீழே வைத்தேன்.

அவர் போத்தலைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். திரும்பப் போத்தலைப் பார்த்தார்.

"உதுவோ?" என்றார்.

"எது?"

"கதவு திறக்கேக்கை... " கையால் வயிற்றுக்கு முன்னால் ஒரு வளைவு காட்டினார். "உதுவோ அது?"

எனக்கு விளங்கியது. காது வரைக்கும் சூடேறியது.

"முதல்லை பாத்திட்டு எங்கடை அக்கா இதைச் சொல்லேல்லையே எண்டு யோசிச்சன்" என்றார். "பிறகு தேத்தண்ணியோடை வரேக்கை இல்லை. அது எங்கை போச்சுது எண்டு ஒரு மணித்தியாலமாய் யோசிக்கிறன். உங்கடை அண்ணை பொய்லரைப் பற்றிச் சொன்னது ஒண்டும் மண்டைக்குள்ளை ஏறேல்லை."

நான் சிரிக்கத் தொடங்கினேன். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணி வர வர, சத்தம் போட்டு. அவரும் சிரித்தார். சிரிக்கும்போது முயல் காதுகள் இரண்டும் ஆடின. அதைப் பார்த்து இன்னும் சிரித்தேன். வெளியே பனி தோண்டும் சத்தம் நின்றது. அக்கா யன்னலுக்குக் கீழே காதைக் கொடுத்துக்கொண்டு நின்றிருப்பார்.

சிரித்து முடிந்தபோது நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அவருடைய காலை அல்ல. சின்னக் கண். இடது புருவத்தில் ஒரு தழும்பு. நல்ல முகம்.

"கேக் நல்லாயிருந்தது" என்றேன். "எந்தக் கடை?"

"கடை இல்லை. நான் செய்தது."

"அப்ப அக்கா சொல்லேக்கை ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"அவ சொன்னது சரிதானே. முட்டை ஒண்டு குறைவு. உடைக்கேக்கை கை தவறி நிலத்திலை விழுந்திட்டுது. வீட்டிலை வேறை இல்லை."

"எனக்கு அது தெரியேல்லை."

"நீங்கள் ரண்டு துண்டு எடுத்தனீங்கள். நான் பாத்தனான்."

அவர் அடுத்த தாளை எடுத்தார். கசக்கப் போனவர் நின்றார். மணமகன் தேவை, மணமகள் தேவை என்று நிரை நிரையாக விளம்பரம் போட்ட பக்கம் அது.

"இந்தப் பக்கம் வேணுமோ?" என்று மெல்லக் கேட்டார். "இல்லாட்டி அடையலாமோ?"

நான் அதை அவர் கையிலிருந்து வாங்கினேன். நன்றாகக் கசக்கி, இடது சப்பாத்தின் நுனிக்குள், விரல் போகும் ஆழத்துக்குத் தள்ளினேன்.

ஐந்து மணிக்கு அவர் வெளிக்கிட்டார். அண்ணையின் தடித்த சொக்ஸ், அதற்கு மேலே காலுக்கு ஒன்றாகப் பாண் வாங்கிய பிளாஸ்டிக் பை, அதற்கு மேலே அண்ணையின் றப்பர் பூட்ஸ். பூட்ஸ் ஒரு அளவு பெரிது. பாண் பையின் வாய் மேலே பாவாடைக் கரைபோல எட்டிப் பார்த்தது. சப்பாத்து இரண்டு நாளுக்குப் பிறகுதான் காயும் என்று சொல்லியிருந்தேன்.

வாசலில் அவர் திரும்பினார். அக்காவும் அண்ணையும் அப்போது குசினிக்குள் நின்றார்கள்.

"எங்கடை அக்கா ஆறு மணிக்கு எடுப்பா."

"தெரியும்."

"உங்களைத்தான் கேப்பினம். என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை." தொண்டையைச் செருமினார். "கேட்டா நான் ஓமெண்டுதான் சொல்லுவன்."

அவர் நின்றார். என் முறை. குசினியில் அவ்வளவு கதைத்த வாய், பசை வைத்து ஒட்டினதுபோல் ஆகிவிட்டது. நான் கீழே பார்த்தேன். பாண் பைக்கரை தெரிந்தது. அவர் தலையில் விழுந்த பனியைத் தட்டினார். பிறகு, "சரி, அப்ப வாறன்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, தொப்புத் தொப்பென்று தெருவில் இறங்கிப் போனார். தெரு முடியும்வரை பெரிய பெரிய காலடி.

"என்ன சொன்னனீ?" என்று அக்கா ஓடி வந்தார்.

"ஒண்டும் சொல்லேல்லை."

"ஐயோ, என்ரை கடவுளே! அவன் அவ்வளவு நேரம் குசினியிலை இருந்து என்னத்தைக் கண்டான்? சப்பாத்தோடையோ கதைச்சனி?"

அந்த ஒரு மணித்தியாலம் எனக்கு மிக நீளமாக இருந்தது. சேலையோடு குசினியில் இருந்தேன். சப்பாத்து இரண்டும் யன்னலோரம் சரிந்து கிடந்தன. பேப்பர் மாற்றுவதற்கு இன்னும் நேரம் ஆகவில்லை. என்றாலும் மாற்றினேன். மல்லித் தண்ணி ஊற்றி வைத்து, குடிக்காமல் ஆற விட்டேன். மிச்சமிருந்த கேக்கில் மூன்றாவது துண்டை எடுத்தேன். முட்டை ஒன்று குறைவுதான். இப்போது எனக்கும் தெரிந்தது. அதனால் இன்னும் ருசியாக இருந்தது.

சரியாக ஆறு மணிக்குப் போன் அடித்தது. அக்கா எடுத்தார். "ஓம்... ஓம் அக்கா... வந்தவர்... ஓம்..." பிறகு அக்காவின் முகம் சுருங்கியது. "அப்பிடியே சொன்னவர்?" போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார். "அந்தாள் வழியிலை நிண்டு தமக்கைக்கு எடுத்ததாம். 'நான் கேட்டன், அவ ஒண்டும் சொல்லேல்லை, விருப்பமில்லைப்போல, கரைச்சல் குடுக்காதேங்கோ' எண்டு சொன்னதாம். நான் என்ன சொல்ல?"

விருப்பமில்லைப்போல. மூன்றாவது தடவையும் அதே வார்த்தை.

நான் போனைப் பறித்தேன். பறித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், அக்காவின் காப்பு என் கையில் கீறியது.

"எனக்கு விருப்பம்!" என்றேன். "ஓமெண்டு சொல்லுங்கோ. எனக்கு வாய் ஆற அமரத்தான் திறக்கும், அதுக்காண்டி விருப்பமில்லை எண்டில்லை. எனக்கு ஓம். அவரிட்டை உடனை சொல்லுங்கோ. சப்பாத்து வாற சனிக்கிழமைக்கு முதல் காஞ்சிடும், வந்து எடுக்கச் சொல்லுங்கோ. கேக்கும் செய்து கொண்டு வரச் சொல்லுங்கோ. முட்டையைப் பத்திரமாய் உடைக்கச் சொல்லுங்கோ!"

அந்தப் பக்கம் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்கும் சரசரப்புக் கேட்டது. பிறகு அவருடைய தமக்கை சொன்னார்.

"கொஞ்சம் மெல்லக் கதையும் பிள்ளை. எனக்குக் காது அடைக்குது. பேச வராத பிள்ளை எண்டெல்லோ சொன்னவை?"

அண்ணை கை தட்டினார். அக்கா கதிரையில் இருந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல், "கேசரியைக் கொண்டா, கேசரியைக் கொண்டா" என்றார். நான் கேசரியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, யன்னலோரம் இருந்த சப்பாத்து இரண்டையும் தூக்கிக்கொண்டு மேலே போனேன். குசினியில் காற்று அவ்வளவு நல்லதில்லை. என் அறையில் நல்ல காற்று. யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வேன்.

யன்னல் விளிம்புக்குக் கீழே பேப்பர் விரித்து, இரண்டையும் சோடியாக, சுவரைப் பார்த்தபடி வைத்தேன். வெளியே இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. யன்னலைத் திறந்து இன்னொரு பிடி அள்ளி வாயில் போட்டேன். பிறகு ஏன் என்று எனக்கே தெரியாமல், கத்தரிப்பூச் சேலையோடு, கட்டிலில் ஏறி ஒரு துள்ளுத் துள்ளினேன்.

கீழேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "மேலை என்னடி விழுந்தது? திரும்பவும் கூரையோ?"

"இல்லை அக்கா!" என்று கத்தினேன். "அது நான்!"